60 என்று எழுதியிருக்கும், 60 இருக்காது: ஹாப், சிம்னி, ஃபிரிட்ஜ் மாற்றும்போது எதை அளக்க வேண்டும்?

மேடையில் பதிக்கும் கேஸ் அடுப்பான ஹாப்பின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். அல்லது பர்னர் அரித்துப்போய், அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுபோயிருக்கும். எப்படியோ மாற்றியாக வேண்டும். கடையில் முதலில் கேட்பது, "பழசு எத்தனை சென்டிமீட்டர் சார், அறுபதா எழுபத்தெட்டா?" வாங்கியபோது பெட்டியில் பார்த்த ஞாபகத்தில் "அறுபதுங்க" என்று சொல்ல, புது அறுபது வீட்டுக்கு வந்து சேர்கிறது. பொருத்த வந்தவர் பழசைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புதுசை ஓட்டைக்கு மேல் பிடித்துப் பார்க்கிறார். ஒன்று, அது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. இல்லாவிட்டால் ஒரு ஓரம் கல்லின் மேல் உட்காராமல் ஓட்டைக்குள் சரிகிறது. பழசும் அறுபது, புதுசும் அறுபது. ராத்திரி சமையலுக்கு வீட்டில் அடுப்பு இல்லை.

இதில் கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை, வீட்டுக்காரர் சொன்னதும் தப்பில்லை. ஹாப், சிம்னி, பாத்திரம் கழுவும் மெஷின் என்று எல்லாவற்றிலும் பெரிதாக அச்சடித்திருக்கும் 60, 75, 78, 90 எல்லாம் சட்டைக்கு 40, 42 என்று சொல்வதைப் போன்ற வகைப்பெயர்கள். டேப் வைத்து அளந்தால் அந்த எண் பல சமயம் வராது. பெயரை வைத்து வாங்கினால் அதிர்ஷ்டம் இருந்தால் பொருந்தும். ஓட்டையை அளந்து வாங்கினால் அதிர்ஷ்டம் தேவைப்படாது.

அடியில் கட்டிய மேடை, மில்லிமீட்டரில் வரும் சாமான்

நம் ஊர்ச் சமையல் மேடை அடிக்கணக்கில் கட்டப்படுகிறது. அதில் இறங்கும் சாமான் மில்லிமீட்டர் கணக்கில் தயாராகிறது. 1956-இலேயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்துவிட்டது. துணிக்கடையும் மளிகைக்கடையும் எப்போதோ மாறிவிட்டன. கொத்தனாரும் ஆசாரியும் கிரானைட் வேலைக்காரரும் இன்றும் அடி, இஞ்சு, நூல்தான் பேசுகிறார்கள். அவர்கள் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில்தான் பிழை வருகிறது.

ஒரு இஞ்சு 25.4 மி.மீ. ஒரு இஞ்சுக்கு 8 நூல், ஆகவே ஒரு நூல் 3.175 மி.மீ. இரண்டு அடி என்பது 609.6 மி.மீ., அதாவது 60 செ.மீ.யைவிட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பெரியது என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்று அடி 914.4 மி.மீ. அதனால் "ரெண்டடி இடத்துல அறுபது உக்காந்துடும்" என்று கடையில் சொல்வது ஏறக்குறைய சரி. ஆனால் அந்த இரண்டு அடி நிஜமாகவே இரண்டு அடியாக இருக்க வேண்டும்.

அது பெரும்பாலும் இருப்பதில்லை. மேடைக்குக் கீழே கடப்பாக் கல்லை நிறுத்தித் தடுப்பு வைத்திருக்கும் சமையலறையில் "ரெண்டடிக்கு ஒண்ணு" என்று சொன்னால், பல சமயம் அது ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு வரைக்கும் எடுத்த கணக்கு. கல் ஒரு இஞ்சு தடிமன் என்றால் உள்ளுக்குள் கிடைப்பது 23 இஞ்சு, 584 மி.மீ. அதில் எந்த 60 செ.மீ. மெஷினும் போகாது. அளவு சொல்லும்போதும் கேட்கும்போதும் "உள்ளளவா, நடு அளவா, வெளி அளவா" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

இதைவிட மோசமானது புள்ளி. இரண்டடி ஆறு இஞ்சைத் துண்டுச்சீட்டில் "2.6" என்று எழுதுவது நம் பழக்கம். அதைக் கால்குலேட்டரில் அடிக்கணக்காகப் போட்டு மாற்றினால் 2.6 அடி, அதாவது 31.2 இஞ்சு, 792 மி.மீ. வருகிறது. எழுதியவர் சொன்னது 30 இஞ்சு, 762 மி.மீ. மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் வெறும் ஒரு புள்ளியில் முளைத்துவிடுகிறது. இதே தப்பு இஞ்சிலும் நடக்கும். 22.5 என்று எழுதினால் அது 22 இஞ்சு 4 நூல். நூல் கணக்கிலேயே வேலை செய்து பழகியவர் அதை 22 இஞ்சு 5 நூல் என்று படித்துவிடலாம். ஒரு நூலில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஹாப் விஷயத்தில் ஒரு நூல்தான் இறங்குமா இறங்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எனவே சாமான் வாங்கும் வேலைக்கு மட்டுமாவது மில்லிமீட்டரிலேயே அளந்து, மில்லிமீட்டரிலேயே எழுதிவிடுங்கள். ஸ்டீல் டேப்பில் கீழ்ப்பக்கம் சென்டிமீட்டர்க் கோடுகள் இருக்கும். தையல் டேப் வேண்டாம், அது நாளாவட்டத்தில் இழுபட்டு நீண்டிருக்கும். ஸ்டீல் டேப்பின் முனையில் உள்ள கொக்கி லேசாக ஆடும். அது பழுது என்று யாரும் தட்டிச் சரிசெய்துவிடக் கூடாது. வெளியே மாட்டி இழுக்கும்போதும், உள்ளே முட்டுக்கொடுத்து அளக்கும்போதும், கொக்கியின் தடிமனைச் சமன்செய்யத்தான் அந்த ஆட்டம் வைத்திருக்கிறார்கள்.

ஹாப்புக்கு மூன்று அளவு

மேடையில் பதிக்கும் ஹாப் ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள் உண்டு. மேலே தெரியும் கண்ணாடி. அதற்குக் கீழே தொங்கும் தகரப் பெட்டி. இரண்டுக்கும் நடுவே, கல்லில் வெட்ட வேண்டிய ஓட்டை. கையேட்டிலும் கடைக்காரர் வாயிலும் இது "கட்-அவுட்". பெட்டி ஓட்டைக்குள் இறங்க வேண்டும், கண்ணாடி ஓட்டையைத் தாண்டி நாலு பக்கமும் கல்லின் மேல் உட்கார வேண்டும். கண்ணாடி பெரிது, ஓட்டை அதைவிடச் சிறிது, பெட்டி அதைவிடவும் சிறிது. இந்த வரிசை அகலத்திலும் சரி, முன்பின்னாகவும் சரி, மாறவே கூடாது.

60 செ.மீ. வகையில் அடிக்கடி காணும் ஒரு ஜோடியைப் பார்க்கலாம். கண்ணாடி 590 × 520 மி.மீ., ஓட்டை 560 × 490 மி.மீ. அகலத்தில் 30 மி.மீ. வித்தியாசம், ஆகவே பக்கத்துக்கு 15 மி.மீ. கல்லின் மேல் ஏறி உட்காரும். முன்னும் பின்னும் அதே 15. கவனியுங்கள், பெட்டியில் போட்டிருக்கும் 60 இதில் எங்கேயும் இல்லை. 70, 75, 78, 90 வகைகளுக்குப் போனால் இன்னும் சிக்கல். ஒரே 78 செ.மீ. பெயரில், ஒரே மாதிரிக் கண்ணாடியில், கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டை அளவு வேறு வேறாக இருக்கும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கும்கூட மாறும். பர்னரையும் குழாயையும் உள்ளே எப்படி அமைத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பெட்டியின் அளவு மாறுகிறது, பெட்டியைப் பொறுத்து ஓட்டை. ஆகவே "அதே கம்பெனி, அதே சைஸ், அப்படியே மாட்டிடலாம்" என்ற உறுதிமொழியை, கையேட்டைத் திறந்து கட்-அவுட் வரியைக் கண்ணால் பார்க்கும்வரை நம்ப வேண்டாம்.

ஆன்லைனில் பார்க்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. விவரப் பட்டியலில் உள்ள நீளம், அகலம், உயரம் சில சமயம் அட்டைப்பெட்டியின் அளவாக இருக்கும். 60 செ.மீ. ஹாப்புக்கு 66 × 58 × 18 என்று கண்டால் சந்தேகப்படுங்கள். அடுத்தது, மூன்று எண்களின் வரிசை. ஒருவர் அகலம், ஆழம், உயரம் என்று போடுவார், இன்னொருவர் உயரத்தை முதலில் போடுவார். ஆழம் என்பது ஹாப்பில் முன்பின் நீளமா, மேடைக்குக் கீழே இறங்கும் உயரமா என்பதிலும் குழப்பம் உண்டு. படம் போட்டு அம்புக்குறியோடு அளவு காட்டும் கையேட்டுப் பக்கம் ஒன்றுதான் இதற்கு முடிவான பதில்.

ஓட்டையை அளப்பது

பழைய ஹாப் மேடையில் இருக்கும்போது மேலிருந்து தெரிவது கண்ணாடி மட்டும். அதை அளந்து பயனில்லை. கீழே அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் கல்லின் வெட்டு விளிம்பு தெரியும். ஆனால் கிரானைட்டுக்கு அடியில் கடப்பாவோ பிளைவுட்டோ போட்டிருந்தால், அதன் ஓட்டை கிரானைட் ஓட்டையைவிடச் சிறிதாகவோ பெரிதாகவோ வெட்டப்பட்டிருக்கும். கீழிருந்து எடுத்த அளவு அடிப்பலகையின் அளவாகப் போய்விடும். மேலே இருக்கும் கிரானைட்டின் அளவும் அடியில் இருப்பதன் அளவும் இரண்டுமே வேண்டும். கண்ணாடி உட்காருவது முதலாவதில், பெட்டி இறங்க வேண்டியது இரண்டிலும்.

ஹாப்பை எடுத்துவிட்டு அளப்பதே நல்லது. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி விடுங்கள், பற்றவைக்கும் பிளக்கைப் பிடுங்குங்கள். கேஸ் ஹோஸைக் கழற்றத் தெரிந்தவரை வைத்துக் கழற்றுங்கள். கீழே இரண்டு அல்லது நான்கு கிளாம்ப் ஸ்க்ரூ இருக்கும். அவற்றைத் தளர்த்தியபின் ஒருவர் கீழிருந்து தள்ள, இன்னொருவர் மேலே இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கண்ணாடியின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பக் கூடாது. டஃபன் கண்ணாடி (கெட்டிப்படுத்திய கண்ணாடி) நடுவில் அடி தாங்கும், விளிம்பில் சின்னத் தெறிப்பு பட்டாலும் மொத்தமும் பொடிப்பொடியாகும். முன்பு பொருத்தியவர் சிலிகான் பூசி ஒட்டியிருந்தால் மெல்லிய நைலான் நூலை உள்ளே விட்டு அறுத்து எடுக்கலாம். உண்மையில் ஹாப்பைச் சிலிகான் போட்டு ஒட்டவே கூடாது. கூடவே வரும் ஃபோம் பட்டி போதும். ஒட்டிவிட்டால் சர்வீசுக்கு எடுக்க முடியாது, மாற்றும் நாளில் கல்லின் பாலிஷும் சேர்ந்து போகும்.

இப்போது ஓட்டை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அகலத்தை மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: முன் ஓரம், நடு, பின் ஓரம். முன்பின்னாக இருக்கும் நீளத்தையும் அதேபோல இடம், நடு, வலம். கையால் மெஷின் பிடித்து வெட்டிய ஓட்டையில் மூன்றும் ஒன்றாக வருவது அபூர்வம். 558, 561, 565 என்று வந்தால் எதை எடுப்பது? இரண்டையும் எடுக்க வேண்டும். ஆகச் சிறிய எண்ணை, 558-ஐ, புது ஹாப்பின் பெட்டியோடு ஒப்பிடுங்கள், அது இறங்குமா என்று தெரியும். ஆகப் பெரிய எண்ணை, 565-ஐ, புது ஹாப்பின் கண்ணாடியோடு ஒப்பிடுங்கள், அது உட்காருமா என்று தெரியும். சராசரி எடுத்தால் இரண்டு கேள்விக்கும் தப்பான பதில்தான் கிடைக்கும்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்களவு. 560 × 490 ஓட்டை மூலைகள் செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தால் இரண்டு குறுக்களவும் 744 மி.மீ. வரும். ஒன்று 738, இன்னொன்று 750 என்றால் ஓட்டை கோணல். அகலமும் நீளமும் சரியாக இருந்தும் பெட்டி ஒரு மூலையில் முட்டும். மூலைகள் வளைவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கல் வெட்டத் தெரிந்தவர் மூலையில் முதலில் துளை போட்டு வளைவாக விட்டிருப்பார். அது நல்ல வேலை. ஆனால் புதுப் பெட்டியின் மூலை கூராக இருந்தால் அந்த வளைவிலும் இடிக்கலாம்.

ஓட்டை சிறிதாக இருந்தால் வெட்டிப் பெரிதாக்கலாம். பெரிதாக இருந்தால் கல்லை வளர்க்க முடியாது. அதனால் புது ஹாப்பைத் தேடும்போது, பழைய ஓட்டைக்குச் சமமான அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய கட்-அவுட் உள்ள மாடல்களை மட்டும் பார்ப்பது புத்திசாலித்தனம். ஓட்டை சற்றுப் பெரிதாகப் போயிருந்தால், கண்ணாடி நாலு பக்கமும் 10 மி.மீ.யாவது கல்லின் மேல் ஏறுகிறதா, கிளாம்ப் கல்லின் அடியை எட்டிப் பிடிக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம். அதற்கும் குறைந்தால் வாங்காதீர்கள். நான்கு பக்கமும் கல்துண்டு ஒட்டிச் சிறிதாக்குகிறேன் என்று சொல்பவர்கள் உண்டு. அடியில் இரும்பு ஆங்கிள் கொடுத்து, எபாக்ஸி போட்டு நன்றாகச் செய்தாலும் ஒட்டு தெரியும். நிறையத் தண்ணீர் வைத்த இட்லிப் பானையும் குக்கரும் உட்காரும் இடத்தில் ஒட்டுக்கல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய கட்-அவுட் உள்ள ஹாப்பைத் தேடுவதே மேல்.

வெட்டுவதாக இருந்தாலும் எல்லை உண்டு. மேடையின் முன்பின் அளவு 24 இஞ்சு, அதாவது 610 மி.மீ. என்று வைத்தால், 490 ஓட்டை போக மீதி 120. முன்னால் 60, பின்னால் 60. இது பத்திரமான அளவு. அதே மேடை 22 இஞ்சாக, 559 மி.மீ. ஆக இருந்தால் மீதி 69 மட்டுமே. 35 மி.மீ. அகலத்தில் ஒரு கல்பட்டி, மேடையின் இரண்டு பகுதியையும் பிடித்துக்கொண்டு நிற்கும். முன் ஓரத்தில் யாராவது கையை ஊன்றி எம்பினால் அது முறியும். 50 மி.மீ.க்குக் குறைந்த பட்டியை விட்டு வெட்டச் சொல்லாதீர்கள். பின்பக்க வெட்டில் இன்னொரு தொல்லை. கட்டிங் மெஷினின் உடம்பு சுவர் டைல்ஸில் இடித்துவிடும், பிளேடு சுவரை ஒட்டிப் போகாது. எனவே பெரிதாக்க வேண்டியதைக் கூடியவரை பக்கவாட்டில் வரும்படி மாடல் தேர்ந்தெடுங்கள்.

வெட்டுகிறவரிடம் சொல்ல வேண்டியது இரண்டு. மூலையில் முதலில் துளை போட்ட பிறகுதான் வெட்டு. வட்ட பிளேடு மூலையைத் தாண்டி ஒரு கோடு இழுத்துவிட்டால், பல மாதம் கழித்துச் சூட்டிலும் எடையிலும் விரிசல் அந்தக் கோட்டின் நுனியிலிருந்துதான் கிளம்பும். இரண்டாவது, தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும். கிரானைட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. வெட்டுகிறவருக்கு மாஸ்க் வேண்டும், குழந்தைகளும் பெரியவர்களும் அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். அரிசி டப்பாவிலிருந்து அலமாரி வரை துணி போட்டு மூடிவிடுங்கள்.

அவருக்கு அளவை இஞ்சில் சொல்லியாக வேண்டுமென்றால் மேல்நோக்கி முழுசாக்கிச் சொல்லுங்கள். 560 மி.மீ. என்பது 22 இஞ்சுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கூட. "22 இஞ்சு" என்று சொன்னால் 558.8 தான் வெட்டுவார். 22 இஞ்சு 1 நூல் என்றால் 562. 490-க்கு 19 இஞ்சு 3 நூல் சொன்னால் 492. இந்த 2 மி.மீ. கூடுதலைக் கண்ணாடியின் 15 மி.மீ. ஓரம் தாராளமாக மறைத்துவிடும்.

ஹாப்பின் நான்காவது அளவு ஒன்று பட்டியலில் ஓரமாகக் கிடக்கும்: மேடைக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பது. பழைய ஹாப் மெலிதாக இருந்திருக்கும், புதுசில் பெரிய பித்தளை பர்னர், கனமான பெட்டி. கீழேயே கரண்டி டிராயர் இருந்தால், டிராயரின் மேல் விளிம்புக்கும் கல்லின் அடிக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். கேஸ் குழாய் நுழையும் வளைவு எந்த மூலையில் வருகிறது என்பதும் முக்கியம். ஹோஸ் சூடான பெட்டியில் உரசாமலும் டிராயருக்குப் பின்னால் நசுங்காமலும் போக வேண்டும்.

பர்னருக்குப் பர்னர் நடு இடைவெளியை ஏனோ யாரும் அளப்பதில்லை. சமைக்கிறவருக்கு அன்றாடம் தெரியப்போகும் அளவு அதுதான். 30 செ.மீ. தோசைக்கல்லும் 26 செ.மீ. கடாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, நடுவிலிருந்து நடுவுக்கு 28 செ.மீ.யாவது வேண்டும், அதுவும் கைப்பிடியைச் சேர்க்காமல். கடையில் பார்க்கும்போது வீட்டுத் தோசைக்கல்லின் விட்டத்தைத் தெரிந்துகொண்டு போய், டேப்பை பர்னரின் நடுவில் வைத்துப் பாருங்கள். நாலு பர்னர் இருந்தும் இரண்டுதான் பயன்படும் 60 செ.மீ. ஹாப்கள் இருக்கின்றன. பின் பர்னரின் நடுவுக்கும் சுவருக்கும் உள்ள தூரமும் அப்படியே. பெரிய பானை வைத்தால் டைல்ஸில் இடித்து, பானை சாய்ந்து நிற்கும்.

சிம்னி: அகலம் சரி, உயரம்தான் மாட்டிவிடும்

சிம்னியின் அகலம் ஹாப்பின் அகலத்துக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். 78 ஹாப்புக்கு 60 சிம்னி வைத்தால் ஓர பர்னரின் புகை வெளியே தப்பும். 90-க்கு மாறுவதானால் இரண்டு பக்கத்து அலமாரிக்கும் இடையே உள்ளளவை மேலே, நடுவே, கீழே எடுத்துக்கொள்ளுங்கள், அலமாரிக் கதவு திறக்கும்போது சிம்னியில் இடிக்குமா என்றும் பாருங்கள்.

ஆனால் இங்கே ஆளைக் கவிழ்ப்பது பரண். நம் வீடுகளில் பரண் பெரும்பாலும் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டத்தில், தரையிலிருந்து 7 அடியில் வரும். அது 2134 மி.மீ. மேடை உயரம் 34 இஞ்சு, 864 மி.மீ. அதன்மேல் ஹாப்பின் பாத்திரத் தாங்கி 5 செ.மீ. அங்கிருந்து சிம்னியின் அடி வரை 65 முதல் 75 செ.மீ. விட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் இடைவெளி. 70 என்று வைப்போம். 864 + 50 + 700 = 1614. பரணுக்கும் சிம்னி அடிக்கும் நடுவே மீதி 520 மி.மீ. சிம்னியின் உடம்பும் அதன் மேல் டக்டை, அதாவது புகை வெளியேறும் குழாயை, மறைக்கும் கவரும் சேர்ந்து இதற்குள் அடங்க வேண்டும். கவர் நீட்டிச் சுருக்கும் வகையாக இருந்தாலும், சுருக்கினால் எவ்வளவு என்று ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கும். கேட்க வேண்டியது அந்தக் குறைந்தபட்ச அளவை. இடம் போதவில்லை என்று இடைவெளியைக் குறைத்து இறக்கி மாட்டினால் சூடும் தீப்பிடிக்கும் ஆபத்தும் கூடும். உயர்த்தி மாட்டினால் புகையை இழுக்காது.

டக்ட் ஓட்டையைப் பற்றி ஒரு விஷயம். சிம்னியின் வாய் பெரும்பாலும் 150 மி.மீ., பேச்சு வழக்கில் ஆறு இஞ்சு. பழைய எக்ஸாஸ்டுக்குப் போட்ட நாலு இஞ்சு ஓட்டை சுவரில் இருக்கிறது, குழாயின் வாயைச் சுருக்கும் ரெடியூசர் போட்டு அதிலேயே விட்டுவிடலாம் என்பார்கள். ஆறு இஞ்சு வட்டத்தின் பரப்பில் நாலு இஞ்சு வட்டம் 44 சதவீதம்தான். ஐந்து இஞ்சு என்றாலும் 69 சதவீதம். மோட்டார் கத்தும், காற்று போகாது, எண்ணெய் குழாயிலேயே படியும். கோர் கட்டிங் (சுவரை வட்டமாகத் துளைப்பது) செய்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடுங்கள். சுவருக்குள் பி.வி.சி. குழாய் விடுவதாக இருந்தால், கடையில் ஆறு இஞ்சு என்று கொடுக்கும் குழாயின் வெளிவிட்டம் 160 மி.மீ. ஆறு இஞ்சு ஓட்டையில் அது நுழையாது. ஏழு இஞ்சு ஓட்டை போட வேண்டும்.

மேடைக்குக் கீழே பாத்திரம் கழுவும் மெஷின்

தனியாக நிற்கும் 60 செ.மீ. மெஷின்களின் உயரம் பொதுவாக 845 மி.மீ. 34 இஞ்சு மேடை 864. அதில் 18 மி.மீ. கிரானைட் போனால் 846. காகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் மிச்சம், உள்ளே போய்விடும் என்று தோன்றும். மேடையின் முன் விளிம்பைக் குனிந்து பாருங்கள். தடிமனாகத் தெரிவதற்காக இன்னொரு கிரானைட் பட்டியை அடியில் ஒட்டி மோல்டிங் செய்திருப்பார்கள். அந்த இடத்தில் வாசல் உயரம் 828. மெஷின் அங்கேயே முட்டி நின்றுவிடும். மேல்மூடியைக் கழற்றக்கூடிய மாடல் என்றால் 820-ஐ ஒட்டி இறங்கும், நுழைந்துவிடும். ஆகவே இதில் கேட்க வேண்டியது, "மூடியைக் கழற்றலாமா, கழற்றினால் உயரம் எவ்வளவு?" என்பது. கால் ஸ்க்ரூவைத் திருகி இறக்கலாம் என்று எண்ண வேண்டாம், 845 என்பதே காலை முழுக்க உள்ளே திருகிய உயரம். தரை டைல்ஸ் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துப் போட்டிருந்தால் முன்னும் பின்னும் உயரம் மாறும், இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். மேடை கிரானைட்டுக்கு அடியில் காங்கிரீட் பலகை போட்ட பழைய வகை என்றால் இந்த யோசனையே வேண்டாம்.

ஃபிரிட்ஜில் லிட்டர் எதையும் சொல்லாது

லிட்டர் உள்ளே இருக்கும் இடத்தின் கணக்கு. அதிலும் மொத்தக் கொள்ளளவு என்று ஒன்று, சாமான் வைக்கக் கிடைக்கும் கொள்ளளவு என்று ஒன்று. ஒரே லிட்டரில் ஒன்று ஒல்லியாக உயரமாகவும், இன்னொன்று குட்டையாக அகலமாகவும் இருக்கும். மைக்ரோவேவுக்கும் இதே கதைதான், 28 லிட்டர் என்பதை வைத்து அது ஷெல்ஃபில் நுழையுமா என்று சொல்ல முடியாது.

ஃபிரிட்ஜுக்கென்று சுவரில் மாடம் விட்டுக் கட்டிய வீடுகளில் ஒரு புதுச் சிக்கல் உண்டு. பழைய ஃபிரிட்ஜில் சூட்டை வெளியேற்றும் கறுப்புக் கம்பிவலை பின்னால் தெரியும். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி வைத்தாலும் ஓடியது. இப்போது பலவற்றில் அந்தக் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் இருக்கின்றன. தொட்டால் பக்கம் சுடுவது அதனால்தான். பழசு இறுக்கமாக நின்ற மாடத்தில் அதே அகலமுள்ள புதுசை இறுக்கமாக வைத்தால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். மாடத்தின் உள்ளளவிலிருந்து, கையேட்டில் பக்கத்துக்கு எவ்வளவு விடச் சொல்கிறதோ அதைக் கழித்த பிறகு வருவதே வாங்கக்கூடிய அகலம். கதவு கீல் பக்கம் சுவர் இருந்தால் இன்னும் கொஞ்சம் கழியுங்கள். கதவு 90 பாகைக்கு மேல் திறக்காவிட்டால் காய்கறித் தட்டை வெளியே இழுக்க முடியாது.

மாடத்தில் நிற்குமா என்பதற்கு முன்னால், அதுவரை போய்ச் சேருமா என்று பாருங்கள். இரண்டரை அடி சமையலறை வாசல் என்பது பல வீடுகளில் நிலையோடு சேர்த்த அளவு. நிலைச்சட்டம் பக்கத்துக்கு இரண்டரை இஞ்சு போனால் உள்ளளவு 25 இஞ்சு, 635 மி.மீ. திறந்த கதவின் தடிமனும் அதில் ஒரு இஞ்சுக்கு மேல் தின்னும். 600 மி.மீ. அகல ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியோடு வராது, பிரித்துத்தான் கொண்டுவர வேண்டும். கதவைக் கீலிலிருந்து கழற்றி வைத்துவிட்டால் வேலை சுலபம். நடைபாதையில் திருப்ப வேண்டியிருந்தால் குறுக்களவு பேசும்: 600 அகலம், 670 ஆழம் உள்ள ஃபிரிட்ஜின் குறுக்களவு 900 மி.மீ. மூன்றடி நடையில் 14 மி.மீ.தான் மிச்சம், தூக்குகிறவர்களின் விரலுக்கு அது போதாது. சாய்த்துத் திருப்பினால், நிமிர்த்திய பிறகு கையேட்டில் சொன்ன நேரம் வரை சுவிட்சைப் போடாதீர்கள்.

அட்டையை வெட்டிப் பாருங்கள்

எல்லாக் கணக்கும் போட்ட பிறகும், பணம் கட்டுவதற்கு முன்னால் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, புது ஹாப்பின் கண்ணாடி அளவுக்கு ஒரு அட்டையும் கட்-அவுட் அளவுக்கு இன்னொன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்டீல் ஸ்கேலும் மூலைமட்டமும் வைத்து வெட்டுங்கள், கண்ணளவில் வேண்டாம். கட்-அவுட் அட்டையை ஓட்டையின் மேல் வைத்தால், எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் கல் வெட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துவிடலாம். அது ஓட்டைக்குள் விழுந்துவிட்டால் ஓட்டை பெரிது என்று அர்த்தம். அப்போது கண்ணாடி அட்டையை மேலே வைத்து, நாலு பக்கமும் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, அந்த மாடலை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுங்கள். கண்ணாடி அட்டையின் ஓரம் சிங்க் குழாயிலோ ஜன்னல் கதவிலோ சுவர் டைல்ஸிலோ இடித்தாலும் அங்கேயே தெரிந்துபோகும். கல் வெட்ட ஆள் வரும் நாளில் இதே அட்டையை அவர் கையில் கொடுத்து, வெட்டி முடித்து அவர் மெஷினை மூட்டை கட்டுவதற்குள் உள்ளே இறக்கிப் பாருங்கள்.

பொருத்தி முடித்து ரெகுலேட்டரைத் திறந்ததும், பர்னரைப் பற்றவைக்கும் முன்னால், ஹோஸ் மாட்டிய இரண்டு முனையிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி ஊதினால் உடனே மூடி, மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். குமிழி இல்லையென்றால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவையுங்கள்: ஓட்டை இத்தனைக்கு இத்தனை மி.மீ., மேடை இத்தனை, அடியில் இடம் இத்தனை, மாட்டிய மாதமும் வருடமும்.